நோயாளிக் குறிப்பில் அடங்காத ஒருவர்

உளப்பகுப்பாய்வைப் பற்றிக் கொஞ்சமேனும் வாசித்தவர்களுக்கு அன்னா ஓ. என்ற பெயர் அறிமுகமாகியிருக்கும். யோசெஃப் பிராயரும் சிக்மண்ட் ஃப்ராய்டும் இணைந்து 1895-ல் வெளியிட்ட ‘ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்’ என்ற நூலில் வரும் முதல் நோயாளி அவர். பெர்த்தா பாப்பென்ஹைம் என்ற பெயரை அறிந்தவர்கள் அவர்களில் பாதிப்பேர்கூட இருக்க மாட்டார்கள். இருவரும் ஒருவரே. அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகளையும் ரோமன் அகரவரிசையில் ஒவ்வோர் இடம் முன்னால் தள்ளி பிராயர் அந்தப் புனைபெயரை உண்டாக்கினார். அந்தத் திரை 1953 வரை விலகவில்லை. எர்னஸ்ட் ஜோன்ஸ் தான் எழுதிய ஃப்ராய்ட் வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதியில் உண்மைப் பெயரை வெளியிட்டார். அதற்கு மறுஆண்டு, 1954-ல், மேற்கு ஜெர்மனி மானுடத்திற்கு உதவியவர்கள் என்ற வரிசையில் பாப்பென்ஹைமின் முகத்தைத் தாங்கிய தபால்தலை ஒன்றை வெளியிட்டது. தபால்தலையில் இருந்தவர் ஒரு சமூகத் தலைவி. ஜோன்ஸின் பக்கங்களில் இருந்தவர் ஒரு நோயாளி. இந்த எழுபது ஆண்டுகளில் எந்தப் பிம்பம் வென்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு இதில் உள்ள மனக்குறை, அவர் நோயாளியாக நினைவுகூரப்படுகிறார் என்பது மட்டுமில்லை. அவர் செய்த பணிகளும் நோயின் பின்கதையாகவே வாசிக்கப்படுகின்றன என்பதுதான் அதைவிடப் பெரிய குறை. அவருக்குத் திருமணமில்லை, குழந்தையில்லை. ஆகவே அடக்கப்பட்ட ஆசைகள் அநாதைக் குழந்தைகள் மீது திரும்பின என்று ஒரு தரப்பு எழுதுகிறது. நோயே ஓர் எதிர்ப்புக் குரல், பெண் விடுதலை இயக்கம் அந்த நோயின் தொடர்ச்சி என்று அதற்கு எதிர்த்தரப்பு எழுதுகிறது. இரண்டு தரப்பும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. இருபத்தோரு வயதில் தொடங்கிய ஒரு நோயை வைத்து, எழுபத்தேழு வயது வரை நீண்ட ஓர் அறிவு வாழ்க்கையை விளக்கிவிட முடியும் என்று நம்புகின்றன. ஒரு ஆண் தலைவரின் பொதுவாழ்வை அவருடைய இளமைக்கால மருத்துவச் சீட்டிலிருந்து தொடங்கி எழுதும் வழக்கம் நம்மிடம் அவ்வளவாக இல்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம்.

நோயின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெர்த்தா 1859-ல் வியன்னாவில் பிறந்தார். தந்தை சிக்மண்ட் வசதியான தானிய வணிகர்; ஆசாரமான யூதர். 1880 கோடையில் தந்தை நோயுற்றபோது இரவுகளில் கண்விழித்துப் பணிவிடை செய்தவர் பெர்த்தா. அந்த நாட்களில்தான் மாயக்காட்சிகள், கைகால் மரத்துப்போதல், தாய்மொழியான ஜெர்மன் மறந்து ஆங்கிலத்தில் மட்டுமே பேச முடிதல் போன்ற கோளாறுகள் தோன்றின. பிராயர் நாள்தோறும் வந்து அவரைப் பேசவைத்தார். ‘பேச்சு சிகிச்சை’ என்று அதற்குப் பெயரிட்டவர் நோயாளிதான் என்பது பலர் கவனிக்காத செய்தி. ஃப்ராய்ட் அவருக்கு ஒருநாளும் சிகிச்சை அளித்ததில்லை. பிராயரின் நூலை வாசிப்பவர் 1882 ஜூனில் அவர் நலமடைந்துவிட்டார் என்றே எண்ணுவார். ஆனால் அடுத்த மாதமே அவர் சுவிட்சர்லாந்தின் க்ரொய்ட்ஸ்லிங்கனில் இருந்த ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். வலிக்காகக் கொடுக்கப்பட்ட மார்ஃபினுக்கு அதற்குள் அடிமையாகியும் இருந்தார். 1887 வரை மீண்டும் மீண்டும் மருத்துவ விடுதிகளுக்குச் சென்றுவந்தார். க்ரொய்ட்ஸ்லிங்கன் ஆவணங்களை ஹென்றி எல்லன்பெர்கர் கண்டெடுத்து 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்ட பிறகே இதெல்லாம் உலகுக்குத் தெரிந்தது. உளப்பகுப்பாய்வின் முதல் வெற்றி என்று சொல்லப்படுவது இப்படியாக வெற்றியே இல்லை. அவரை மீட்டது எது என்பதற்கு மருத்துவ நூல்களில் விடை கிடையாது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அப்படியொரு வீட்டில் பிறந்த பெண்ணுக்கு என்ன வாழ்க்கை விதிக்கப்பட்டிருந்தது? பதினாறு வயதில் அவர் படிப்பு நின்றது. அவரைவிட ஒன்றரை வயது இளைய தம்பி வில்ஹெல்ம் உயர்நிலைப் பள்ளிக்கும் அதன்பின் பல்கலைக்கழகத்திற்கும் போனார். அக்காவுக்குக் கிடைத்தவை பூவேலை, பியானோ, குதிரையேற்றம், அந்நிய மொழிகள், கோஷர் முறைப்படி வீட்டுச் சமையலறையை மேற்பார்க்கும் பொறுப்பு. இவையெல்லாம் கல்யாணச் சந்தைக்கான தயாரிப்புகள். தோராவும் தால்முதும் ஆண்களின் சொத்து. தந்தை ஆசாரவாதிகளின் தொழுகைக்கூடம் ஒன்றை நிறுவியவர்களில் ஒருவராக இருந்தும், மகளுக்கு அந்த நூல்களின் கதவு திறக்கப்படவில்லை. பின்னாளில் பாப்பென்ஹைம் தன் சமூகத்தின் மீது வைத்த குற்றச்சாட்டுகளில் முதன்மையானது இதுதான்: ‘நூலின் மக்கள்’ என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் ஒரு கூட்டம் தன்னில் பாதிப்பேரை நூலுக்கு வெளியே நிறுத்திவைத்தது.

1888-ல் தாயும் மகளும் தாயின் பிறந்த ஊரான ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். தாய்வழிக் குடும்பமான கோல்ட்ஷ்மிட்கள் அந்நகரின் செல்வர்கள், கொடையாளிகள். பெர்த்தா அங்கே முதலில் எழுத்தாளராக வெளிப்பட்டார். குழந்தைக் கதைகளின் சிறு தொகுப்பு பெயரில்லாமல் வந்தது. 1890-ல் ‘பழம்பொருள் கடையில்’ என்ற கதைத்தொகுப்பு பவுல் பெர்த்தோல்ட் என்ற ஆண் பெயரில் வந்தது. அதே பெயரின் சுருக்கத்தில்தான் 1899-ல் மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் ‘பெண்ணுரிமைகளின் நியாயம்’ நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்; பெண்ணுரிமை என்று பெயரிட்ட நாடகம் ஒன்றையும் எழுதினார். இலக்கியமாக அவருடைய கதைகளும் நாடகமும் முதல் வரிசையில் நிற்பவை என்று சொல்லமாட்டேன். நாடகத்தில் வாதம் பாத்திரங்களை நசுக்குகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். மருத்துவர் சூட்டிய ஒரு பெயர், தானே சூடிக்கொண்ட ஓர் ஆண் பெயர், பிறகு ஏறக்குறைய நாற்பது வயதில் சொந்தப் பெயர். இந்த வரிசைக்கு ஓர் அர்த்தம் உண்டு என்று நினைக்கிறேன்.

சொந்தப் பெயரில் பேசத் தொடங்கும்போது அவர் ஒரு பெண்குழந்தைகள் அநாதை இல்லத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். முதலில் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக்காட்டப் போனவர். 1895-ல் தற்காலிகமாகப் பொறுப்பேற்று, பின்னர் நிரந்தரமாகி, மொத்தம் பன்னிரண்டு ஆண்டுகள் அதை நடத்தினார். அநாதைப் பெண்ணை ஒழுங்காக வளர்த்து யாருக்காவது கட்டிக்கொடுத்துவிட்டால் போதும் என்பதுதான் அதுவரையிலான நோக்கம். பாப்பென்ஹைம் அதை மாற்றினார். தொழில் கற்றுத் தன் காலில் நிற்கும் பெண்ணை உருவாக்குவதே இல்லத்தின் வேலை என்றார்.

‘சேவை’ என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பொதுவாழ்வில் ஈடுபட்ட பெண்களைப் பற்றி எழுதும்போது நமக்கு இந்தச் சொல் எளிதாக வந்துவிடுகிறது. கருணை, தாய்மை, அர்ப்பணிப்பு என்று அது தன் சுற்றத்தையும் கூட்டிவருகிறது. யூத மரபில் அதற்கு நெருங்கிய சொல் ‘ட்ஸெடாகா’. அதை தானம் என்று மொழிபெயர்ப்பார்கள். ஆனால் அதன் வேர் நீதி என்ற பொருளுடையது. பாப்பென்ஹைம் அந்த வேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்து யூத நிறுவனங்களில் பணத்தையும் முடிவுகளையும் ஆண்கள் வைத்திருந்தார்கள். சூப் ஊற்றும் வேலையைப் பெண்கள் செய்தார்கள். வேலையை யார் செய்கிறார்களோ அவர்களுக்கு முடிவெடுக்கும் உரிமை வேண்டும் என்பது அவர் எழுப்பிய எளிய வாதம். உதவி பெறுபவரின் வரலாறு தெரியாமல், கணக்கு வழக்கில்லாமல், மனம்போனபோக்கில் கொடுக்கும் ஈகையை அவர் வெறுத்தார். பயிற்சி வேண்டும், பதிவேடு வேண்டும், தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றார். கருணைமிகு அன்னை என்ற பிம்பம் அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாது. சட்டென்று கோபிப்பவர், அதிகாரம் செலுத்துபவர், கூட்டங்களில் எதிராளியைக் கூரிய கிண்டலால் மடக்குபவர். அவருடன் பணியாற்றியவர்கள் அவரை நேசித்ததைப்போலவே அஞ்சவும் செய்தார்கள்.

அவர் வாழ்வின் மையமான போராட்டம் கலீசியாவில் தொடங்கியது. இன்று போலந்துக்கும் உக்ரைனுக்குமாகப் பிரிந்து கிடக்கும் இந்த நிலப்பகுதி அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் மிக வறிய மாகாணங்களில் ஒன்று. பெரும் யூத மக்கள்தொகை கொண்டது. 1903-ல் சாரா ராபினோவிட்ச் என்ற தோழியுடன் அவர் அங்கே பயணம் செய்தார். நோக்கம், பெண்கள் விற்கப்படுவதை நேரில் ஆராய்வது. யூதப் பெண்கள் அங்கிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கும் அலெக்ஸாண்ட்ரியாவுக்கும் புவனஸ் அயர்ஸுக்கும் விபசார விடுதிகளுக்காகக் கடத்தப்பட்டார்கள். கடத்தியவர்களிலும் யூதர்கள் கணிசமாக இருந்தார்கள்.

அந்த வணிகம் நடந்த விதம் மதச்சட்டத்தோடு பின்னிக்கிடந்தது. யூதத் திருமணத்திற்கு அரசுப் பதிவு அவசியமில்லை. மணப்பந்தலும் மோதிரமும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும். வெளிநாட்டில் செழிப்பாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் வருவான். வரதட்சிணை வேண்டாம் என்பான். வறிய குடும்பம் மகிழ்ந்துபோய்ப் பெண்ணைக் கொடுக்கும். சடங்கு முடிந்து கப்பலேறிய பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரியும். அரசின் கண்ணில் அவள் மனைவியே இல்லை. ஆகவே சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. மதத்தின் கண்ணிலோ அவள் மனைவி. ஆகவே விடுதலை கிடையாது.

இதோடு ‘அகுனா’ என்ற நிலை சேர்ந்துகொள்கிறது. கட்டுண்டவள் என்று பொருள். யூதச் சட்டப்படி மணவிலக்குச் சீட்டைக் கணவன்தான் கொடுக்க வேண்டும். அவன் மறைந்துபோனாலோ, கொடுக்க மறுத்தாலோ, செத்ததற்குச் சாட்சி கிடைக்காவிட்டாலோ அவள் ஆயுள் முழுதும் மறுமணம் செய்ய முடியாமல் கட்டுண்டு கிடக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன கணவன்மார் பலர் திரும்பவில்லை. முதல் உலகப் போரில் காணாமல்போனவர்களுக்குப் பிணமும் இல்லை, சாட்சியும் இல்லை. கையில் குழந்தையோடு, வருமானமில்லாமல், மணமுறிக்கவும் முடியாமல் நிற்கும் பெண்களைத்தான் தரகர்கள் தேடிப்போனார்கள். பாப்பென்ஹைமின் சிந்தனையில் எனக்கு மிக முக்கியமானதாகப் படுவது இந்த முடிச்சை அவர் கண்டுகொண்டதே. பெண் கடத்தலை அக்காலத்து நற்பண்புச் சங்கங்கள் ஒழுக்கக்கேடு என்று பேசின. அவர் அதைச் சட்டத்தின், கல்வியின்மையின், வறுமையின் விளைவாகப் பார்த்தார். படிப்பு மறுக்கப்பட்ட பெண், பிழைக்க வழியில்லாத பெண், மணவிலக்கு கிடைக்காத பெண் என்று ஒரே நூலில் கோத்துக்காட்டினார். ரப்பிகள் கூடிப் பேசி அகுனாவுக்கு ஒரு தீர்வு காண வேண்டும் என்று பல ஆண்டுகள் வற்புறுத்தினார். அவர் விரும்பிய தீர்வு அவர் காலத்தில் வரவில்லை.

1904-ல் கலீசியா அறிக்கை நூலாக வந்தது. அது எழுப்பிய எதிர்ப்பை இன்றைய வாசகர் எளிதில் புரிந்துகொள்வார். யூத வெறுப்பாளர்கள் ஏற்கெனவே கடத்தல்காரன் என்றால் யூதன் என்று பிரச்சாரம் செய்துகொண்டிருந்தார்கள். சிறுபான்மைச் சமூகம் ஒன்றின் பெரியவர்கள் இத்தகைய சூழலில் என்ன சொல்வார்களோ அதையே அவர்களும் சொன்னார்கள்: வீட்டு அழுக்கைத் தெருவில் அலசாதே, எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்காதே. இதை வெறும் கோழைத்தனம் என்று நான் ஒதுக்கமாட்டேன். கிழக்கில் படுகொலைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் கலீசியாவுக்குப் போன அதே 1903-ல்தான் கிஷினேவில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அச்சத்துக்குக் காரணம் இருந்தது. பாப்பென்ஹைமும் அந்த அச்சத்தை அறியாதவர் இல்லை. ஒப்புக்கொண்டால் எதிரிகள் பழிப்பார்கள், மறுத்தால் மறைக்கிறோம் என்பார்கள், இரண்டிலும் பழி உறுதி என்பது அவர் கணிப்பு. அப்படியானால் அந்தப் பெண்களுக்குப் பயன்படும் வழியைத் தேர்வதே நியாயம். தன் சமூகத்தின் மானத்தைக் காக்கும் பொறுப்பு கடத்தப்பட்ட பதினாறு வயதுப் பெண்ணின் தலையில் சுமத்தப்படுவதை அவர் ஏற்கவில்லை. 1907-ல் ஒரு கூட்டத்தில், யூதச் சட்டத்தின் முன் பெண் ஒரு தனி ஆளாகவே மதிக்கப்படுவதில்லை, பாலினத்தை வைத்து மட்டுமே எடைபோடப்படுகிறாள் என்ற கருத்தில் அவர் பேசியபோது எழுந்த கொதிப்பு அடங்க நாளாயிற்று.

இவ்வளவு கடுமையாகப் பேசியவர் மதத்தை விட்டு வெளியேறவில்லை என்பது பலருக்குப் புதிராக இருக்கிறது. எனக்கு அது புதிராகத் தோன்றவில்லை. வெளியேறியவர்களின் விமர்சனத்தை ரப்பிகள் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. சப்பாத்தைக் கடைப்பிடிக்கும், பிரார்த்தனைகள் எழுதும், ஆசாரமான குடும்பத்தின் மகளான ஒருத்தியின் விமர்சனத்தை அப்படித் தள்ள முடியாது. அதைத் தந்திரம் என்று மட்டும் சொல்வது சரியாகாது. அவர் உண்மையிலேயே நம்பியவர். அவர் எழுதிய பிரார்த்தனைகளின் சிறு தொகுப்பு அவர் மறைந்த 1936-ல் வெளியானது.

1904-ல் பெர்லினில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டின்போது யூதப் பெண்கள் கூட்டமைப்பு உருவானது. முதல் தலைவர் பாப்பென்ஹைம். இருபது ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். 1920-களின் இறுதியில் ஏறத்தாழ 50,000 உறுப்பினர்கள். ரயில் நிலையங்களில் தனியே வந்திறங்கும் பெண்களைத் தரகர்களுக்கு முன்பாக அணுகி உதவும் பணி, வேலைவாய்ப்பு மையங்கள், தொழிற்பயிற்சி, காசநோய் விடுதி என்று அதன் வேலைகள் விரிந்தன. யூத சமூக மன்றங்களில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நடத்திய போராட்டம் தனிக்கதை. 1919 ஜனவரியில் ஜெர்மானியப் பெண்கள் நாட்டின் அரசியல் நிர்ணய சபைக்கு வாக்களித்துவிட்டார்கள். யூதப் பெண்கள் தங்கள் ஊர் யூத மன்றத்திற்கு வாக்களிக்க அதற்குப் பிறகும் பல நகரங்களில் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். நாடு கொடுத்ததைச் சமூகம் கொடுக்கத் தயங்கியது. 1914 முதல் 1924 வரை பொதுவான ஜெர்மானியப் பெண்கள் கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவிலும் அவர் இருந்தார். யூதர்களிடம் பெண்ணாகவும், பெண்களிடம் யூதராகவும் இருக்க நேர்ந்தவர் என்று இதைச் சொல்லலாம்.

தான் செய்தவற்றில் அவர் தன்னுடையது என்று உரிமையோடு நினைத்தது நொய்-ஈசன்பர்க் இல்லத்தைத்தான். ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு அருகிலுள்ள அச்சிறு ஊரில் 1907 நவம்பரில் அது திறக்கப்பட்டது. திருமணமாகாமல் கருவுற்ற பெண்கள், அவர்களின் குழந்தைகள், வழிதவறும் ஆபத்தில் இருந்த சிறுமிகள் அங்கே வாழ்ந்தார்கள். முறைதவறிப் பிறந்த யூதக் குழந்தையை ஏற்க எந்த யூத நிறுவனமும் தயாராக இல்லாத காலம். ‘உங்கள் கூட்டத்தின் குழந்தையை நீங்களே தள்ளிவிட்டால் வேறு யார் எடுப்பார்கள்?’ என்பதுதான் அந்த இல்லம் சமூகத்தை நோக்கி எழுப்பிய கேள்வி. சமையலறை மிகக் கறாரான கோஷர் முறையில் நடந்தது. எவ்வளவு ஆசாரமானவரும் அங்கே குறைகாண முடியாது. வசதிகள் வேண்டுமென்றே எளிமையாக வைக்கப்பட்டன. வெளியே போய்த் தாம் வாழப்போகும் வாழ்க்கையைவிடச் சொகுசான ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பழக்கக்கூடாது என்பது அவர் எண்ணம். அதேசமயம் அழகில் அவர் சிக்கனம் பார்க்கவில்லை. சுவர்களில் ஓவியங்கள் இருந்தன. தோட்டத்தில், துரத்தப்பட்ட நாரையைப் பற்றி அவர் எழுதிய கதையைச் சித்திரிக்கும் நீரூற்று ஒன்று இருந்தது. துரத்தப்பட்ட நாரை என்ற உருவகத்தை அந்த இல்லத்துத் தாய்மாருக்கு விளக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது. ஐரோப்பாவில் குழந்தையைக் கொண்டுவருவது நாரைதானே.

இலக்கிய வாசகர்களுக்கு அவருடைய மொழிபெயர்ப்புகளைச் சுட்டிக்காட்டாமல் போகக்கூடாது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், கணவரை இழந்த துயரத்தில், ஹாமெல்ன் க்ளூக்கெல் என்ற வணிகப் பெண்மணி யிட்டிஷ் மொழியில் தன் பிள்ளைகளுக்காகத் தன்வரலாறு எழுதத் தொடங்கினார். அதை பாப்பென்ஹைம் ஜெர்மனில் மொழிபெயர்த்து 1910-ல் வெளியிட்டார். க்ளூக்கெல் அவருக்கு உறவுவழி மூதாதை; க்ளூக்கெலைப்போல உடையணிந்து ஓவியர் ஒருவரிடம் தன்னை வரைவித்தும் கொண்டார். பிறகு 1929-ல் யிட்டிஷ் கதைத்தொகுப்பான ‘மாய்ஸே புக்’. அடுத்து, ஹீப்ரு அறியாத பெண்கள் ஓய்வுநாள்களில் வாசித்துவந்த ‘ட்ஸெனெ-ரெனெ’யின் முதற்பகுதி. படித்த ஜெர்மானிய யூதர்கள் யிட்டிஷைக் கொச்சை என்று இகழ்ந்த நாட்கள் அவை. தால்முதுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்கள் தமக்கென்று ஒரு நூல்மரபை வைத்திருந்தார்கள், அது சமையலறை மொழியில் இருந்தது என்பதை இந்த மூன்று நூல்களும் காட்டுகின்றன. கூட்டமைப்பை நடத்திய அதே கைகள் இதையும் செய்தன. இரண்டும் ஒரே வேலை என்றே அவர் நினைத்திருப்பார்.

அவர் தவறிய இடமும் உண்டு. அதை மறைத்து எழுதுவது அவருக்கே பிடித்திருக்காது. ஸியோனிசத்தை அவர் கடைசிவரை ஐயத்தோடு பார்த்தார். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, பெர்லினில் ரெகா ஃப்ரையர் யூத இளைஞர்களைப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். ஜெருசலேமிலிருந்து அதை நடத்தும் பொறுப்பை ஹென்ரியெட்டா ஸோல்ட் ஏற்றார். அமெரிக்காவில் ஹடாஸா என்ற மாபெரும் யூதப் பெண்கள் அமைப்பை 1912-ல் நிறுவியவர் ஸோல்ட். பாப்பென்ஹைமைவிட ஓராண்டு இளையவர். அவரும் திருமணம் செய்துகொள்ளாதவர், அவரும் மொழிபெயர்ப்பாளர். பாப்பென்ஹைம் இத்திட்டத்தை எதிர்த்தார். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அனுப்புவது அவருக்குப் பிள்ளை ஏற்றுமதியாகத் தோன்றியது. வாழ்நாளெல்லாம் குடும்பமற்ற குழந்தைகளைப் பார்த்தவருக்கு, குடும்பமுள்ள குழந்தைகளையும் அநாதையாக்குவதா என்ற அதிர்ச்சி இயல்பானதே. ஜெர்மனி தன் நாடு என்ற நம்பிக்கையும் அவரை விடவில்லை. ஆனாலும் 1934-ல் தன் பொறுப்பில் இருந்த சில குழந்தைகளை அவரே பிரிட்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1935 செப்டம்பரில் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்த பிறகு நாட்டை விட்டு வெளியேறுவதை ஆதரிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் அவரும் ஸோல்டும் சந்தித்தார்கள். இரு முதுபெண்களின் அந்த உரையாடலை யாராவது ஒரு நாடகமாக எழுதலாம். போருக்கு முன்பாக அத்திட்டத்தின் வழியாகத் தப்பிய இளையோர் சுமார் 5,000 பேர். அவருடைய தயக்கத்தைப் பேசும்போது இந்த எண்ணையும் சேர்த்தே வைக்க வேண்டும். எந்த உள்ளுணர்வு அவரைக் கலீசியாவின் குழந்தைகளுக்காகப் போராட வைத்ததோ, அதே உள்ளுணர்வு 1933-ல் அவரைத் தவறான பக்கம் நிறுத்தியது என்பதே என் கணிப்பு.

1936 வசந்தத்தில் அவர் புற்றுநோயால் படுத்திருந்தார். இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண் ஹிட்லரைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாள் என்று கெஸ்டாப்போ விசாரணைக்கு அழைத்தது. எழுபத்தேழு வயதில், சாவுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், எழுந்து ஓஃபன்பாக் நகருக்குப் போய் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு வந்து மீண்டும் படுத்தார். மே 28 அன்று இறந்தார். ஃப்ராங்க்ஃபர்ட்டில் தாயின் அருகில் புதைக்கப்பட்டார். 1938 நவம்பரில் இல்லத்தின் முதன்மைக் கட்டடம் எரிக்கப்பட்டது; கூட்டமைப்பு கலைக்கப்பட்டது. 1942 மார்ச்சில் இல்லம் மூடப்பட்டு, எஞ்சியிருந்தவர்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவருக்குப் பின் கூட்டமைப்பின் பணிகளைத் தோளில் சுமந்த ஹன்னா கார்மின்ஸ்கி 1942 டிசம்பரில் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார், திரும்பவில்லை. பாப்பென்ஹைமின் பெயர் ஏன் மங்கியது என்பதற்கு உளப்பகுப்பாய்வாளர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. அவரை நினைவில் வைத்திருக்க வேண்டியவர்களில் பலர் கொல்லப்பட்டுவிட்டார்கள். ஒரு தலைவரின் புகழைச் சுமக்க ஒரு சமூகம் தேவை. நோயாளியின் புகழுக்கு ஒரு பாடநூல் போதும்.

அவர் தன் இளமைக்கால நோயைப் பற்றி எவரிடமும் பேசியதில்லை. அந்தக் காலத்து ஆவணங்களையும் விட்டுவைக்கவில்லை. தன் பொறுப்பில் இருந்த பெண்களை உளப்பகுப்பாய்வுக்கு அனுப்பலாம் என்று யாரேனும் சொன்னால் கடுமையாக மறுத்தார். அது இருபுறமும் வெட்டும் வாள் என்ற கருத்து அவருக்கு இருந்தது. அவர் இறந்த கோடையில் கூட்டமைப்பின் இதழ் அவருக்காக நினைவுமலர் வெளியிட்டது. மார்ட்டின் பூபர் உள்படப் பலர் அதில் எழுதினார்கள். எழுதியவர்கள் அறிந்தது பெர்த்தா பாப்பென்ஹைமை, அன்னா ஓ. அந்த மலரின் பக்கங்களில் இல்லை. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் ஜோன்ஸ் அந்த இரு பெயர்களையும் சேர்த்து எழுதியபோது உறவினர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்ததில் வியப்பில்லை.

இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் தனக்குத்தானே ஐந்து இரங்கற்குறிப்புகளை எழுதிவைத்திருந்தார். ஐந்து யூத இதழ்கள் தன்னைப் பற்றி எப்படி எழுதும் என்ற கேலி அது. ஆசாரவாதிகளின் இதழ் அவர் வந்த குலத்தை மெச்சி, பெண் விடுதலைப் பேச்சால் வழிதவறியதற்கு வருந்துகிறது. ஸியோனிச இதழ் தன் இயக்கத்தின் பழைய எதிரியை, திறமையை மட்டும் ஒப்புக்கொண்டு வழியனுப்புகிறது. ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கக்கூடியவர் என்று கணக்குப்பார்த்து, ஒரே சொல்லில், ‘பரிதாபம்’ என்று முடிக்கிறது. மருத்துவ இதழ் எதற்கும் அவர் ஆறாவது குறிப்பு எழுதவில்லை.